குட்மேய்ஸ் தோட்டத்து அந்துப்பூச்சிகள்

பிரிட்டனில் இதுவரை பதிவான அந்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 2,500. அங்கே நிலையாக வாழும் வண்ணத்துப்பூச்சி இனங்களோ அறுபதை எட்டவில்லை. ஆனாலும் வழியில் போகிறவரை நிறுத்திக் கேட்டால் நாலைந்து வண்ணத்துப்பூச்சிகளின் பெயர் வரும். அந்துப்பூச்சி என்றால் கம்பளியை அரிப்பது, மாவில் புழு வைப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வேலையைச் செய்பவை 2,500இல் ஒரு சில மட்டுமே. மற்றவை மரத்திலும் புல்லிலும் களையிலும் வளர்ந்து, பெரும்பாலும் இரவில் பறந்து, மனிதர் கண்ணில் படாமலே வாழ்நாளை முடித்துக்கொள்கின்றன. அவற்றைப் பார்க்கவும் இனம் கண்டுகொள்ளவும் பெருங்காடு தேவையில்லை. கிழக்கு லண்டனில் ரயில் பாதையோரப் புறநகரான குட்மேய்ஸில், வரிசை வீடு ஒன்றின் பின்தோட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் சில ஆண்டுகள் நடந்த கவனிப்பின் நினைவுகளே இக்கட்டுரைக்கு அடிப்படை.

குட்மேய்ஸ் இன்று லண்டனின் ரெட்பிரிட்ஜ் பகுதியைச் சேர்ந்தது. 1965 வரை எசெக்ஸ் கவுன்ட்டியில் இல்ஃபோர்டின் ஒரு பகுதியாக இருந்தது. 1901இல் ரயில் நிலையம் திறக்கப்பட்ட காலத்தில் வயல்கள் மனைகளாகி, வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. வீடுகளுக்குப் பின்னால் ஒடுங்கி நீண்ட தோட்டங்கள், நடுவே பலகை வேலிகளும் பிரிவெட் வேலிகளும், தெருவோரத்தில் லின்டன் மரங்கள், ரயில் பாதைச் சரிவில் புட்லியாப் புதர்கள், குட்மேய்ஸ் பூங்கா வழியே ஓடும் மேய்ஸ் ஓடை என்பதே ஊரின் அமைப்பு. அந்துப்பூச்சி இந்த ஊரை வேறு கணக்கில் பார்க்கிறது. லைம் ஹாக்மாத்தின் புழுவுக்கு லின்டன் இலை வேண்டும். எலிஃபன்ட் ஹாக்மாத்தின் புழு வில்லோஹெர்ப் களையையும் தொட்டியில் வளரும் ஃபியூஷியாவையும் தின்னும். சின்னபாரின் மஞ்சள் கறுப்புப் பட்டைப் புழு ராக்வொர்ட் செடியில் மொய்த்துக் கிடக்கும். ஆகவே ஒரு தோட்டத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் என்ன செடி வளர்கிறது என்று அறிந்தவருக்கு, அங்கே எந்தப் பூச்சி வரக்கூடும், எது வர வாய்ப்பில்லை என்பதில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அடையாளம் காணும் வேலை இறக்கையில் தொடங்குவதில்லை, செடியில் தொடங்குகிறது.

பார்ப்பதற்கான எளிய வழி விளக்குப்பொறி. தமிழ்நாட்டு உழவர்களுக்கு இது புதிதல்ல. நெல் வயலில் பூச்சியை இழுத்து அழிக்க வேளாண்மைத் துறை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் கருவிதான். குட்மேய்ஸ் தோட்டத்தில் வைத்த பொறி அழிப்பதற்கானதல்ல. ஒரு பெட்டி, அதன் வாயில் சரிவான தகடுகள், மேலே ஒரு விளக்கு, உள்ளே காலி முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வந்த பூச்சி சறுக்கி உள்ளே விழுந்து, அட்டையின் குழிகளில் ஒண்டிக்கொண்டு விடியும்வரை அசையாமல் இருக்கும். காலையில் அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பெயர் எழுதி, அடர்ந்த இலைகளுக்கிடையில் விட்டுவிட வேண்டும். 1950இல் ராபின்சன் சகோதரர்கள் அறிமுகப்படுத்திய பொறி 125 வாட் பாதரச ஆவி விளக்கில் இயங்கியது. பெருந்தொகையாய்ப் பூச்சி பிடிப்பதில் இன்றும் அதற்கே பெயர். ஆனால் வரிசை வீட்டுத் தோட்டத்தில் அந்த விளக்கை ஏற்றினால் இருபுறமும் உள்ள படுக்கையறைகள் பகலாகிவிடும். அதனால் மங்கிய நீல ஒளி தரும் ஆக்டினிக் குழல் விளக்கே பயன்பட்டது. பூச்சிகள் குறைவாக வந்தன. அண்டைவீட்டார் நிம்மதியாகத் தூங்கினர். விடிந்ததும் பொறியைத் தேடி வந்த இன்னொருவர் ராபின் குருவி. பெட்டிக்கு வெளியே வேலியிலும் சுவரிலும் ஒட்டியிருப்பவற்றைக் குருவி பொறுக்குவதற்கு முன் எழுந்துகொள்வது அந்த வீட்டின் கோடைகால வழக்கமானது.

விளக்கில் விழும் விட்டிலைக் காதலுக்கும் ஆசைக்கும் உவமை சொல்வது தமிழில் மிகப் பழைய பழக்கம். நடப்பது வேறு. இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களது அமெரிக்கக் கூட்டாளிகளும் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, பறக்கும் பூச்சிகள் வெளிச்சமுள்ள பக்கத்துக்குத் தம் முதுகைத் திருப்புகின்றன. இயற்கையான இரவில் வெளிச்சமுள்ள பக்கம் வானம். எனவே முதுகு மேலே இருக்கிறது, பறத்தல் நேராகிறது. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகு அதன் பக்கம் சாய்ந்து, பூச்சி அதைச் சுற்றிச் சுழல நேர்கிறது. விளக்கின்மேல் அதற்கு விருப்பம் எதுவும் இல்லை.

வெளிச்சத்துக்கு எளிதில் வராத இனங்களும் உண்டு. அவற்றுக்குச் சர்க்கரை பூசுவது பிரிட்டிஷார் வழக்கம். குட்மேய்ஸுக்கு வடக்கே, அதே எசெக்ஸைச் சேர்ந்த எப்பிங்கில் மளிகைக் கடை நடத்திய ஹென்றி டபிள்டே (1808–1875) இம்முறையைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர். காலிச் சர்க்கரைப் பீப்பாய்களை இரவில் பூச்சிகள் மொய்த்ததிலிருந்து இந்த யோசனை பிறந்தது என்று சொல்வர். பிரிட்டிஷ் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் அவர் தொகுத்த பெயர்ப்பட்டியல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேகரிப்பாளர்களுக்கு அடிப்படை நூலாக விளங்கியது. வழக்கமான கலவை கறுப்புச் சர்க்கரைப்பாகு, பழுப்புச் சர்க்கரை, பீர், கொஞ்சம் ரம். குட்மேய்ஸ் தோட்டத்தில் பாகுக்குப் பதில் தமிழ்க் கடையில் வாங்கிய கருப்பட்டியும், கனிந்து கறுத்த வாழைப்பழமும் சேர்ந்தன. ஆகஸ்ட் மாதப் புழுக்கமான இரவுகளில் வேலிக் கம்பங்களில் பூசிய இந்தக் கலவைக்குக் காப்பர் அண்டர்விங்கும், உள்ளங்கையில் பாதி அகலமுள்ள கரும்பழுப்பு ஓல்ட் லேடியும் தவறாமல் வந்தன.

பொறியில் இருப்பதற்குப் பெயர் தேடும்போது புதியவர் எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நிறமே மிகக் குறைவாக நம்பத்தக்கது. பறந்து பழசான பூச்சியில் செதில் உதிர்ந்து நிறம் வெளுத்துவிடும். லார்ஜ் யெல்லோ அண்டர்விங் போன்ற இனத்தில் முன்னிறக்கை வெளிர் மண் நிறத்திலிருந்து கரும்பழுப்புவரை ஆளுக்கொரு நிறமாக இருக்கும். பயன் தரும் வரிசை வேறு.

முதலில் தேதி. பெரும்பாலான இனங்கள் ஆண்டில் சில வாரங்களே பறக்கின்றன. ஏப்ரலில் வந்த பூச்சிக்கு ஆகஸ்ட் பூச்சியின் பெயரை வைக்க முடியாது. அடுத்து இடமும் செடியும். மூன்றாவது, அமர்ந்திருக்கும் விதம். ஜியோமெட்ரிட் குடும்பத்தார் பலரும் இறக்கையை விரித்துத் தட்டையாகச் சுவரில் ஒட்டிக்கொள்வர். நாக்டுயிட் குடும்பத்தார் முதுகின்மேல் சாய்வாக மடித்து வைப்பர். ப்ளூம் பூச்சிகள் இறக்கையை உருட்டி இருபக்கமும் நீட்டி உட்காரும். பஃப்-டிப் இறக்கையை உடம்போடு சுற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கையில் ஒடித்துப் போட்ட பிர்ச் குச்சியைப் போலவே இருக்கும். நான்காவது அளவு, முன்னிறக்கையின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவது வழக்கம். ஐந்தாவது உணர்கொம்பு. பல இனங்களில் ஆணின் கொம்பு இறகுபோல் கிளைத்தும் பெண்ணுடையது நூல்போல் மெலிந்தும் இருப்பதால், ஒரே இனம் இரண்டு பெயர் பெற்றுவிடாமல் இது காப்பாற்றும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இறக்கைக் குறிகள். நாக்டுயிட் பூச்சிகளின் முன்னிறக்கையில் ஒரு வட்டப் புள்ளியும் அதற்கு வெளிப்புறம் அவரை விதை வடிவில் ஒரு புள்ளியும் இருக்கும். அவற்றின் வடிவம், இடைவெளி, குறுக்குக் கோடுகள் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலான இனங்கள் பிரிகின்றன. ஹீப்ரூ கேரக்டரில் வட்டப் புள்ளியை அணைத்தபடி வளைந்த கறுப்புக் குறி உண்டு. சில்வர் ஒய்யில் அந்த ஆங்கில எழுத்தே வெள்ளியில் எழுதியதாகத் தெரியும். ஹார்ட் அண்ட் டார்ட் குறிகள் தேய்ந்துபோன பூச்சியாக இருந்தாலும், முன்னாலிருந்து பார்த்தால் கழுத்துப் பட்டையில் கறுப்பு தெரியும். அதை வைத்து உறுதி செய்யலாம். லார்ஜ் யெல்லோ அண்டர்விங்குக்கும் லெஸர் யெல்லோ அண்டர்விங்குக்கும் பின்னிறக்கை பதில் சொல்லும்: சிறியதில் மஞ்சளின் நடுவே ஒரு கரும்பிறை உண்டு, பெரியதில் இல்லை.

குட்மேய்ஸின் ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது. காமன் குவேக்கர், கிளவுடட் டிராப், ஹீப்ரூ கேரக்டர் மூன்றும் நெருங்கிய உறவு; குளிர் விலகாத இரவுகளில் இவற்றில் நாலைந்து வந்தாலே நல்ல இரவு. மே மாதம் லைம் ஹாக்மாத் லின்டன் மரத்தடிச் சுவர்களில் பச்சையும் வெளிர்சிவப்புமாக ஒட்டியிருக்கும். ரயில் நிலையத்துக்கு விரைகிறவர்கள் அதைக் கடந்து போவார்கள். எலுமிச்சை மஞ்சள் நிறமுள்ள பிரிம்ஸ்டோன் மாத்தும் அப்போது வரும். ஜூனில் எண்ணிக்கை உயர்கிறது. ஹார்ட் அண்ட் டார்ட், டார்க் ஆர்ச்சஸ் ஆகியவை அட்டைகளை நிறைக்கும். ரோஜாச் சிவப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த எலிஃபன்ட் ஹாக்மாத் அட்டையில் இருந்த காலைகளில், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் பையை மாட்டியபடியே வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பொறியை வீடு முழுவதும் ஏற்றுக்கொண்டது அந்தப் பூச்சியால்தான்.

பெப்பர்டு மாத்தும் ஜூனில் வரும். 1848இல் மான்செஸ்டரில் இதன் கரிய வடிவம் பிடிபட்டதும், கரிப்புகை படிந்த நகரங்களில் கரிய வடிவமே பெருகியதும், 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு அது அருகிப்போனதும் உயிரியல் பாடப்புத்தகங்களில் உள்ள செய்தி. குட்மேய்ஸ் தோட்டத்துக்கு வந்தவை வெள்ளையில் மிளகு தூவிய பழைய வடிவத்தைச் சேர்ந்தவை.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் உச்சம். வெளிர்மஞ்சள் நிறத்தில் வால் நீண்ட ஸ்வாலோ-டெயில்டு மாத், சாம்பல் நிறக் காமன் ஃபுட்மேன், பகலிலேயே புட்லியாவில் தேன் குடிக்கும் சில்வர் ஒய் ஆகியவை வரும். பகலில் செங்கல் நிறத்தில் தடுமாறிப் பறப்பது வேப்பரர் ஆண். அதன் பெண்ணுக்கு இறக்கை இல்லை, தான் வெளிவந்த கூட்டின்மேலேயே முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. செப்டம்பரில் லூனார் அண்டர்விங். நவம்பரில் மற்றப் பூச்சிகள் ஓய்ந்தபின் ஃபெதர்டு தார்னும், உடம்பெல்லாம் மயிரடர்ந்த டிசம்பர் மாத்தும். கிறிஸ்துமஸ் காலத்தில் வாசல் விளக்கைச் சுற்றும் மெலிந்த சாம்பல் பூச்சி வின்ட்டர் மாத்தின் ஆண். பறக்க முடியாத பெண் மரத்தண்டில் ஏறி ஆணுக்குக் காத்திருக்கும்.

எங்கே நிறுத்துவது என்று அறிவதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. கிரே டேகர், டார்க் டேகர் என்ற இரண்டு இனங்களை இறக்கையை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புழுவாகக் கண்டால் எளிது: முதுகில் மஞ்சள் பட்டையும் உயர்ந்த கறுப்புத் திமிலும் இருந்தால் கிரே டேகர். காமன் ரஸ்டிக், லெஸர் காமன் ரஸ்டிக் இரண்டையும் இறக்கையை வைத்துப் பிரிக்க முடியாது. இத்தகையவற்றை இன்ன கூட்டம் என்று மட்டும் எழுதுவது முறையான பதிவு. உறுதியில்லாத பெயரைவிட உறுதியான ‘கூட்டம்’ மேல். சிற்றந்துப்பூச்சிகள் என்ற சுமார் 1,600 இனங்களில் இந்த நிலை அடிக்கடி வரும். பெரியவை ஏறக்குறைய 900. அவற்றுக்கு வாரிங், டவுன்சென்ட், லூயிங்டன் மூவரின் கைந்நூல் 2003இல் வந்தபின் வேலை மிக எளிதானது. அதற்கு முந்தைய கையேடுகள் பலவற்றில் குத்தி விரித்த உலர் மாதிரிகளின் படங்களே இருந்தன. இந்நூலில் ரிச்சர்டு லூயிங்டன் பூச்சிகளை உயிரோடு அமர்ந்த நிலையில் வரைந்திருக்கிறார். கைபேசிச் செயலிகளும் இன்று பெயர் சொல்கின்றன. அவை தருவது முதல் ஊகம். தேதியும் செடியும் அளவும் அதற்கு ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கலாம்.

பெயர் கிடைத்தபின் எழும் கேள்வி, இது இம்மண்ணுக்கு உரியதா என்பது. தோட்டத்துக்கு வருகிறவை மூன்று வகை. ஹார்ட் அண்ட் டார்ட், லைம் ஹாக்மாத் போன்றவை சொந்த இனங்கள். சில்வர் ஒய் போன்றவை ஆண்டுதோறும் தெற்கிலிருந்து கடல் கடந்து வந்து, கோடையில் பெருகி, பிரிட்டிஷ் குளிர்காலத்தைத் தாங்காதவை. மூன்றாவது வகை, செடியோடும் சரக்கோடும் மனிதர் கொண்டுவந்து சேர்த்தவை. கிழக்காசியாவைச் சேர்ந்த பாக்ஸ்-ட்ரீ மாத் 2007இல் கென்ட்டில் முதலில் காணப்பட்டது. இன்று லண்டனின் பாக்ஸ் வேலிகளை மொட்டையடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் லைட் பிரவுன் ஆப்பிள் மாத் 1930களில் கார்ன்வாலில் நிலைபெற்றது. குதிரைச் செஸ்ட்நட் இலைகளை ஜூலையிலேயே பழுப்பாக்கும் இலைதுளைப்பான் 2002இல் விம்பிள்டனில் பிடிபட்டது. ஓக் ப்ராசெஷனரி 2006இல் லண்டனில் கண்டறியப்பட்டது; அதன் புழுமயிர் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் கூட்டைத் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெர்சி டைகர் இந்த வகைகளில் எளிதில் அடங்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென் டெவனில் வாழ்ந்துவந்த அது 2000களில் லண்டனில் நிலைகொண்டது. இன்று ஜூலை முடிவில் குட்மேய்ஸ் தோட்டங்களில் பட்டப்பகலில் பறக்கிறது. கறுப்பில் வெண்ணெய் நிறக் கோடுகளும் செந்நிறப் பின்னிறக்கையும் கொண்ட அதைக் கண்டவர் மறப்பதில்லை. சமையலறையில் ரவைப் பொட்டலத்திலிருந்து கிளம்பும் பூச்சி எந்த வகையிலும் சேராது. அது தோட்டப் பட்டியலில் ஏறக்கூடாது.

இந்தப் பட்டியலில் தமிழர் முன்பே அறிந்த பெயர்களும் உண்டு. பொறி வைத்தவரின் இளமை நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே கழிந்தது. 2016 ஜூன் தொடக்கத்தில் பிரிட்டன் முழுவதும் வைரமுதுகு அந்துப்பூச்சி பெருங்கூட்டமாய்க் காற்றில் வந்திறங்கியபோது, படத்தை ஊருக்கு அனுப்பினார். “இது நம்ம கோஸ்ல விழற பூச்சிதானேடா, அங்கேயுமா?” என்று கேட்டார் அப்பா. அதே இனம்தான். சர்க்கரைவள்ளிக் கொடியில் பருத்த புழுவாக வளரும் கன்வால்வுலஸ் ஹாக்மாத்தும், தமிழ்நாட்டில் பருத்தியையும் துவரையையும் துளைக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சியும் பிரிட்டனுக்கு விருந்தாளிகளாக வருகின்றன. நீலகிரிக்கும் லண்டனுக்கும் இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹாம்ப்சன் அங்கே அந்துப்பூச்சிகளில் ஈடுபட்டு, 1889இல் இங்கிலாந்து திரும்பி, சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1892 முதல் 1896 வரை அவர் எழுதிய நான்கு தொகுதிகள்தாம் இந்திய அந்துப்பூச்சி ஆய்வுக்கு அடித்தளம். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தும், குட்மேய்ஸ்காரர் கையில் இருப்பதுபோல் பெரிய இனங்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரு கைந்நூல் அங்கே இன்னும் இல்லை.

பார்த்தது பதிவாக மாற நான்கு விவரம் போதும்: என்ன இனம், எங்கே, எப்போது, பார்த்தவர் யார். பிரிட்டனில் இடத்தைக் குறிக்க, தாவரவியலாளர் எச். சி. வாட்சன் 1852இல் வகுத்த எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன. நிர்வாகத்தில் குட்மேய்ஸ் லண்டனுக்குப் போய்விட்டாலும் பூச்சிக் கணக்கில் அது 18ஆம் எண் பகுதியான தெற்கு எசெக்ஸ்; பட்டியல் அந்தப் பகுதியின் பதிவாளருக்கே போகிறது. செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து 20 மைல் ஆரமுள்ள பரப்பை ஆராயும் லண்டன் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வட்டத்துக்குள்ளும் ஊர் அடங்குகிறது. பதிவாளர் பட்டியலைச் சரிபார்ப்பார். வழக்கத்துக்கு மாறான பெயருக்குப் படம் கேட்பார். சரிபார்த்தவை 2007இல் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சிப் பதிவுத் திட்டத்தில் சேர்கின்றன.

இப்படிச் சேர்ந்த பதிவுகளும், ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் நாடெங்கும் இரவுதோறும் இயக்கிவரும் பொறிகளின் எண்ணிக்கையும் பிரிட்டிஷ் பெரிய அந்துப்பூச்சிகளின் நிலையை அறிய உதவுகின்றன. 2021இல் வெளியான அறிக்கையின்படி 1968 முதல் 2017 வரை அவற்றின் மொத்த எண்ணிக்கை 33 சதவீதம் குறைந்தது. தென்பகுதியில் 39 சதவீதம். வாழிட இழப்பு, தட்பவெப்ப மாற்றம், பூச்சிக்கொல்லி, இரவு வெளிச்சம் ஆகியவை அதற்கான காரணங்களாகக் கருதப்படுகின்றன. குஞ்சுகளுக்குப் புழு ஊட்டும் குருவிகளும், பூச்சி பிடிக்கும் வௌவால்களும், இரவில் மகரந்தம் பெறும் செடிகளும் இவற்றை நம்பியிருப்பதால் இழப்பு பூச்சியோடு நிற்பதில்லை.

தோட்டமுள்ள எவரும் இந்த வேலையில் சேரலாம். மூலையில் கொஞ்சம் வில்லோஹெர்ப்பை விட்டுவைக்கலாம். தேவையற்ற இரவில் வெளி விளக்கை அணைக்கலாம். காற்றில்லாத புழுக்கமான இரவொன்றில் பொறியை வைத்துப் பார்க்கலாம். விடிந்ததும் தேதியையும் இடத்தையும் எழுதி, தெரிந்த பெயரை மட்டும் குறித்து, தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிட வேண்டும். அப்படி நேர்மையாக எழுதிய சிறு பட்டியல் எந்தப் பதிவாளருக்கும் பயன்படும்.